கியர்பாக்ஸைப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் கான்டெஸா ஒழுங்காகத் திரும்புமா?

காட்பாடித் தம்பி ஒருவர் கேட்டது இது. அவரிடம் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின் போட்ட ஹிந்துஸ்தான் கான்டெஸா கார் இருக்கிறது. ஏலகிரி ஏறும்போதும் இருங்காட்டுக்கோட்டை ஓட்டப்பாதையில் ஓட்டும்போதும் வளைவில் வண்டியின் மூக்கு வெளியே ஓடுகிறது. போர்ஷே 944-ல் இருப்பதுபோல் கியர்பாக்ஸைக் கழற்றிப் பின் ஆக்சிலோடு சேர்த்துவிட்டால் எடை ஐம்பதுக்கு ஐம்பது ஆகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்களாம். செய்யலாமா, எவ்வளவு பலன் கிடைக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒத்துக்கொள்வார்களா என்பது கேள்வி.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் காருக்கு அது வேண்டாம். கியர்பாக்ஸை மாற்றி முன் ஆக்சிலிலிருந்து எத்தனை கிலோவைப் பின்னுக்குத் தள்ளுவீர்களோ, கிட்டத்தட்ட அத்தனை கிலோவும் பேட்டரியை டிக்கிக்குள் வைத்தாலே போய்விடும். கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன். ஆனால் பட்டறைக்காரர் சொன்ன யோசனையை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். கார் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் அதுவும் ஒன்று.

1950-ல் லான்சியா அவுரேலியா வந்தபோதே கிளட்ச், கியர்பாக்ஸ், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே கட்டாகப் பின் சக்கரங்களுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். 1964-ல் ஃபெராரி 275 ஜி.டி.பி., 1972-ல் ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டா, எழுபதுகளின் நடுவிலிருந்து போர்ஷே 924, 928, 944 என்று வரிசையாக வந்தன. 1997-ல் செவ்ரோலே கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறையும் இதே வழிக்கு வந்தது. 2007-ல் வந்த நிசான் ஜி.டி-ஆர் இன்னும் ஒரு படி மேலே போனது. அது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. இன்ஜினிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னால் உள்ள கியர்பாக்ஸுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு ஷாஃப்ட் திரும்ப முன் சக்கரங்களுக்கு வரும். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இப்படி ஒரே கட்டாக வைக்கும் அமைப்புக்குத்தான் ட்ரான்ஸ் ஆக்சில் என்று பெயர்.

போர்ஷே 924 எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். ஆடி (Audi) கார்களில் இன்ஜின் முன்னால் நீளவாக்கில் உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கும். அந்த மாதிரி கியர்பாக்ஸுக்குள்ளேயே டிஃபரன்ஷியலும் இருக்கும். போர்ஷே அந்த ஆடி கியர்பாக்ஸை எடுத்துப் பின்னால் மாட்டி, முன்னால் இருந்த இன்ஜினோடு ஒரு கெட்டியான குழாயால் இணைத்துவிட்டது. குழாய்க்குள் ஒரு மெல்லிய ஷாஃப்ட் ஓடும். இன்ஜின், குழாய், கியர்பாக்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரே முதுகெலும்பு. முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சமமாக வந்துவிட்டது.

இதனால் என்ன லாபம்? டயர் மீது இரண்டு மடங்கு எடை ஏற்றினால் இரண்டு மடங்கு பிடிமானம் வராது, அதற்குக் குறைவாகத்தான் வரும். அதனால் முன் டயர்கள் மட்டும் அதிக பாரம் சுமந்தால் வளைவில் அவைதான் முதலில் தோற்கும். நீங்கள் சொல்லும் 'மூக்கு வெளியே ஓடுவது' அதுதான். பாரம் நான்கு டயருக்கும் சமமாகப் பிரிந்தால் நான்கும் சேர்ந்து வேலை செய்யும். பிரேக் போடும்போது பின் சக்கரங்களும் ஒழுங்காக உழைக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின் டயர் சும்மா சுற்றாமல் ரோட்டைப் பிடித்துத் தள்ளும்.

இன்னொரு விளைவும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. முன் நுனியில் இன்ஜின், பின் நுனியில் கியர்பாக்ஸ் என்று வைத்தால் கார் காவடி மாதிரி ஆகிவிடும். காவடியின் இரண்டு நுனியிலும் பாரம் தொங்கினால் தோளில் வைத்துச் சட்டென்று திரும்ப முடியாது, திரும்ப ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவும் முடியாது. போர்ஷேக்காரர்கள் இதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள். நேர்ப்பாதையில் வேகமாகப் போகும்போது வண்டி அசையாமல் நிற்கும் குணம் அதனால் கிடைத்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு வேண்டியது வேறு, மூக்கு சட்டென்று உள்ளே வர வேண்டும். சமநிலையும் சுறுசுறுப்பும் ஒரே விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐம்பதுக்கு ஐம்பது என்பதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ஷே 911-ல் சுமார் 60 சதவீத எடை பின்னால் இருக்கிறது. ஜி.டி-ஆரில் இத்தனை பாடுபட்டு கியர்பாக்ஸைப் பின்னால் வைத்தும் முன்பக்கம்தான் சற்று அதிகம். இரண்டும் ஓட்டப்பாதையில் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சூத்திரம் ஒன்றுதான். நகர்த்தும் பொருளின் எடையை, அதை நகர்த்தும் தூரத்தால் பெருக்குங்கள். வந்ததை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுங்கள். முன்னிலிருந்து பின்னுக்குப் போகும் கிலோ அதுதான்.

கான்டெஸாவில் ஆக்சிலுக்கு ஆக்சில் 2.67 மீட்டர். வண்டி 1,200 கிலோ, அதில் 55 சதவீதம், அதாவது 660 கிலோ, முன்னால் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் சரியான எண்ணை எடை மேடையில் எடுத்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் 36 கிலோ என்று வையுங்கள். அது இப்போதே முன் ஆக்சிலுக்கு மேல் இல்லை, முன் சீட்டுகளுக்கு நடுவில் நெருங்கி வந்து இருக்கிறது. அங்கிருந்து டிஃபரன்ஷியலுக்கு முன்னால் கொண்டுபோனால் நகரும் தூரம் 1.4 மீட்டர்தான். 36-ஐ 1.4-ஆல் பெருக்கி 2.67-ஆல் வகுத்தால் 19 கிலோ வருகிறது. 55 சதவீதமாக இருந்த முன்பக்கம் 53.4 ஆகும்.

பேட்டரி 15 கிலோ. ஆனால் அது இருப்பது பானெட்டுக்குள், முன் ஆக்சிலை ஒட்டி. அதை எடுத்து டிக்கியில், பின் ஆக்சிலுக்கும் அரை மீட்டர் பின்னால் வைத்தால் 3.2 மீட்டர் நகர்கிறது. 15-ஐ 3.2-ஆல் பெருக்கி 2.67-ஆல் வகுங்கள். 18 கிலோ.

கியர்பாக்ஸுக்கு 19, பேட்டரிக்கு 18. ஒன்றுக்குக் காரின் பின்பாதியையே அறுத்துக் கட்ட வேண்டும். இன்னொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸின் இ36, இ46 தலைமுறைகளில் பல மாடல்களிலும் மஸ்டா எம்.எக்ஸ்-5-ன் முதல் இரண்டு தலைமுறைகளிலும் கியர்பாக்ஸ் இன்ஜினோடுதான் இருக்கிறது. பேட்டரி டிக்கியில். எடைச் சமநிலைக்குப் பெயர் வாங்கிய கார்கள் அவை. உங்களுக்குப் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி 944 இல்லை, இவைதான்.

அதோடு, இந்த 18, 19 கிலோ எவ்வளவு சின்னது என்பதையும் பாருங்கள். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், நல்ல பிடிமானமுள்ள ரோட்டில் பலமாகப் பிரேக் போடும் அந்த நொடியில் கிட்டத்தட்ட 200 கிலோ பின்னிலிருந்து முன்னுக்குப் பாய்கிறது. அப்படியிருக்க, முன் சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்து, வீல் அலைன்மென்ட் ஆடி, டயர் காற்று கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவாக அடிக்கப்பட்டிருந்தால், கியர்பாக்ஸை எங்கே வைத்தாலும் மூக்கு வெளியேதான் ஓடும். கான்டெஸா உற்பத்தி 2002-லேயே நின்றுவிட்டது. உங்கள் வண்டியில் உள்ள ரப்பர் எத்தனை வருடத்து ரப்பர் என்று முதலில் பாருங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் எடை போடுங்கள். இதற்கு நம் பக்கத்தில் குறைவே இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டிலும் வாலாஜா பக்கத்திலும் லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போய், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு எடுங்கள். முன்னையும் பின்னையும் கூட்டினால் முழு எடை வர வேண்டும். வராவிட்டால் மேடைக்கும் தரைக்கும் மட்டம் சரியில்லை, வேறு மேடைக்குப் போங்கள். லாரி மேடை 5 கிலோ, 10 கிலோ கணக்கில்தான் காட்டும், அதனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்று சீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். டிரைவர் சீட்டில் ஆள் எடைக்கு ஆரணி அரிசி மூட்டை, 25 கிலோவில் இரண்டோ மூன்றோ, வைத்துவிட்டு நீங்கள் இறங்கி நில்லுங்கள். பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் விட்டுவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு எடுத்தால்தான் சஸ்பென்ஷன் இயல்பாக உட்காரும்.

பேட்டரியை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அசட்டையாகச் செய்தால் வண்டி தீப்பிடிக்கும், அதனால் இதை விவரமாகச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரன்ட்டை 200 ஆம்பியர் என்று வையுங்கள். டிக்கியிலிருந்து இன்ஜின் வரை 4 மீட்டர் செம்புக் கேபிள். 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் வழியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துவிடும், காலையில் வண்டி முனகும். 35 போட்டால் 0.4 வோல்ட், 50 போட்டால் 0.3-க்குள். 50 சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள், வெல்டிங் கேபிள் விற்கும் கடையிலேயே கிடைக்கும். செம்பா என்று நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியமும் அதே விலைக்குத் தலையில் கட்டப்படுகிறது.

பேட்டரியின் பிளஸ் முனையை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் ஸ்டார்ட்டர் கரன்ட்டைத் தாங்கும் பெரிய ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம் (கிராமெட்) வேண்டும். தகட்டு விளிம்பு உரசி உரசி உறையை அறுத்தால் அந்த நீளமான கேபிள் முழுவதும் வெல்டிங் ராடு ஆகிவிடும். பெட்ரோல் குழாய் போகும் பக்கமே கேபிளை விடாதீர்கள். மைனஸை பின்பக்க பாடியிலேயே பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் போட்டு இறுக்குங்கள், முன்னால் இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையையும் அதே தடிமனுக்கு மாற்றுங்கள். சாதா தண்ணீர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். டிக்கி மூடிய இடம். அதனால் ஆசிடைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும், மூடிய ஏ.ஜி.எம். பேட்டரி போடுங்கள், அதிலும் வாயு வெளியேறும் குழாய் இருந்தால் அதை அடியில் வெளியே விடுங்கள். மோதல் நடந்தால் 15 கிலோ பேட்டரி முன்னால் பறந்து வரும். இரும்புத் தட்டும் கிளாம்ப்பும் போட்டுத் தரையோடு போல்ட்டில் பிணைக்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. மே மாதத்து வேலூர் வெயிலில் இன்ஜின் பக்கத்தில் வேகும் பேட்டரியைவிட டிக்கியில் இருக்கும் பேட்டரிக்கு ஆயுள் அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் ட்ரான்ஸ் ஆக்சில் ஆசை விடவில்லை என்றால், அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பட்டறையில் சொன்னபடி கியர்பாக்ஸைப் பின் ஆக்சில் ஹவுசிங்கோடு சேர்த்துக் கட்டவே கூடாது. கான்டெஸாவில் இரண்டு சக்கரத்தையும் இணைப்பது ஒரே கட்டையான ஹவுசிங், டிஃபரன்ஷியல் அதன் நடுவில். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஹவுசிங் முழுவதும் ஏறி இறங்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த எடையோடு இன்னும் 36 கிலோவைக் கட்டினால், மேடு பள்ளத்தில் டயரை ரோட்டோடு வைத்திருக்க ஷாக் அப்சார்பரால் முடியாது. சமநிலைக்காகச் செய்த வேலை பிடிமானத்தையே கெடுத்துவிடும். அதனால்தான் மேலே சொன்ன ட்ரான்ஸ் ஆக்சில் கார்கள் எல்லாவற்றிலும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பாடியில் தொங்குகின்றன, சக்கரங்களுக்குத் தனித்தனி ஷாஃப்ட் போகிறது. ஆல்ஃபெட்டாவில் பின் பிரேக்குகளைக்கூடச் சக்கரத்திலிருந்து எடுத்து கியர்பாக்ஸ் பக்கத்தில் வைத்தார்கள், இதே காரணத்துக்காக. ஆக, உங்கள் வண்டியின் பின் சஸ்பென்ஷன் முழுவதையும் தூக்கிவிட்டுப் அதைத் தாங்கப் புதிதாக ஒரு துணைச் சட்டம், அதாவது சப்ஃப்ரேம், கட்ட வேண்டும். அந்த இரும்பின் எடையும் வண்டியில்தான் ஏறும்.

அடுத்தது ஷாஃப்ட். சாதாரண வண்டியில் முதல் கியரில், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும், ஆனால் இன்ஜினின் முறுக்கு கியரால் மூன்று நான்கு மடங்கு பெருகித்தான் அதற்குள் போகும். கியர்பாக்ஸ் பின்னால் போய்விட்டால் எல்லாம் தலைகீழ். இன்ஜினின் முறுக்கு மட்டும்தான் வரும், அதனால் ஷாஃப்ட் மெல்லியதாக இருக்கலாம். ஆனால் எந்த கியரிலும் இன்ஜின் வேகத்திலேயே சுற்ற வேண்டும். மெல்லிய நீளமான கம்பி வேகமாகச் சுற்றினால் ஒரு கட்டத்தில் நடுவில் வில்லாக வளைந்து விசிற ஆரம்பிக்கும். 25 மில்லிமீட்டர் கெட்டி எஃகுக் கம்பி, 1.5 மீட்டர் நீளம், இரண்டு நுனியிலும் மட்டும் பேரிங் என்றால் அந்த வேகம் நிமிடத்துக்கு சுமார் 1,300 சுற்றுதான். ஐடிலிங்கைத் தாண்டியதுமே வந்துவிடும்! நடுவில் இரண்டு பேரிங் வைத்து அரை அரை மீட்டராகப் பிரித்தால் ஒன்பது மடங்காகி சுமார் 12,000-க்குப் போகும். போர்ஷே குழாய்க்குள் பேரிங்குகளை வரிசையாக வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த பேரிங்குகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஃபெராரியே 275-ல் முதலில் குழாய் இல்லாமல், நடுவில் ஒரு பேரிங்கோடு திறந்த ஷாஃப்ட் போட்டு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்த முடியாமல் திண்டாடி, 1966-ல் கெட்டியான குழாய்க்கு மாறியது. நம் ஊர் லேத்தில் குழாயைச் சுத்தமாகக் கடைந்து தருவார்கள், அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லாரி ஷாஃப்ட்டுக்குச் செய்வதுபோல் பட்டித் தகடு ஒட்டி பேலன்ஸ் செய்தால் இந்த வேகத்துக்குப் போதாது.

கிளட்ச்சை எங்கே வைப்பது என்பதும் ஒரு சிக்கல். இன்ஜினோடு வைத்தால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நீள ஷாஃப்ட்டின் சுழற்சியையும் சேர்த்து, கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்கள்தான் அடக்க வேண்டும். 944-ல் அப்படி. ஆல்ஃபெட்டா போல் கிளட்ச்சையும் பின்னால் கொண்டுபோனால் சின்க்ரோ தப்பிக்கும், ஆனால் ஷாஃப்ட் எப்போதும் இன்ஜினோடு சுற்றும், அதிலுள்ள ரப்பர் கப்ளிங்குகள் தேயும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கியர் லிவரிலிருந்து பெட்டி வரை நீளமான கம்பி போகும். ஆல்ஃபெட்டாவில் கியர் விழுவது துல்லியமாக இல்லை என்று ஓட்டியவர்கள் குறை சொன்னதற்கு அதுவும் காரணம்.

கான்டெஸாவின் கியர்பாக்ஸுக்குள் டிஃபரன்ஷியல் கிடையாது, எனவே அதையே பின்னால் வைப்பது பாதி வேலைதான். மாருதி மாதிரி குறுக்கே படுத்த கியர்பாக்ஸும் இதற்கு உதவாது. நீளவாக்கில் உள்ள பழைய ஆடி கியர்பாக்ஸ் மாதிரி ஒன்று வேண்டும். அதிலும் உங்கள் இன்ஜினோடு சேர்த்தால் சக்கரம் சரியான பக்கம் சுற்றுமா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆர்.டி.ஓ. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. பழைய இன்ஜினுக்குப் பதில் அதே ரக இன்ஜினைப் போட வேண்டுமானால், முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். பின் ஆக்சிலை எடுத்துவிட்டு வேறு சஸ்பென்ஷன் கட்டிய வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) கிடைக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கையை விரித்துவிடும். ட்ரான்ஸ் ஆக்சில் கட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் ரோட்டுக்கு வராத, ட்ரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் தனி வண்டியில் கட்டுங்கள். சப்ஃப்ரேம் வரைபடம் போடும் கட்டத்துக்கு வந்தால் எழுதுங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இப்போதைக்கு ரப்பர் புஷ், அலைன்மென்ட், அதற்குப் பிறகு பேட்டரி. பேட்டரி மாற்றியதும் பின்பக்கம் கொஞ்சம் தாழும், எனவே முன் டயர் காற்றையும் பின் டயர் காற்றையும் தனித்தனியாக, ஒரு தடவைக்கு ஒரு பி.எஸ்.ஐ. மாற்றி ஓட்டப்பாதையில் பாருங்கள். ஏலகிரி ரோட்டில் வேண்டாம், அங்கே பஸ் இறங்கி வரும். மாற்றத்துக்கு முன் எடுத்த எடைச் சீட்டையும் பின் எடுத்த சீட்டையும் அனுப்பினால் ஸ்பிரிங் விஷயத்தை அந்த எண்களை வைத்துப் பேசலாம்.